அளவறிந்து ஊட்டுதல்

வந்தவர்க்கு வயிறார உணவிடுதல் எம்மவர் பண்பு. "போதும்" என்று கையால் இலையை மறைப்பவர்க்கும் இன்னுமோர் அகப்பை சோறிடுவதே அன்பென்று பழகியவர் நாம். இப்பழக்கம் மனிதர்க்கு ஒருவாறு பொருந்தும். கண்ணாடித் தொட்டியில் வாழும் சிற்றுயிர்க்கும் பொருந்துமோ? இவ்வினா எமது இல்லத்தில் ஓராண்டாக விவாதிக்கப்பட்டு வருகின்றது.

உயர்தர வகுப்பிலே உயிரியல் பயிலும் எம் மகன் ஒரு தொட்டியில் 20 செந்நிற இறால்களை வளர்க்கின்றான். 'செரி இறால்' என வழங்கும் இவற்றின் விலங்கியற் பெயர் நியோகரிடினா டேவிடி என்பதாகும். சீனம், தைவான் ஆகிய நாடுகளின் நன்னீரோடைகளுக்குரிய இவ்வினம் இயற்கையில் மங்கிய நிறமுடையது; வளர்ப்போர் தெரிந்தெடுத்துப் பெருக்கியமையாலேயே இச்செந்நிறம் வாய்த்தது. முதிர்ந்த இறாலும் ஏறக்குறைய 1 அங்குல நீளமே உடையது. ஆயுளும் ஓரிரண்டு ஆண்டுகளே.

இவை பகல் முழுவதும் ஓய்வதில்லை. முன்கால்களிலுள்ள சிறு கொடுக்குகளாற் கல்லையும் இலையையும் மரத்துண்டையும் கிள்ளிக் கிள்ளி வாயிலிட்டுக்கொண்டேயிருக்கும். பார்ப்பவர்க்கு அங்கே உணவெதுவும் தெரியாது. உண்மையில் அங்கே பாசியும் பற்றீரியா முதலிய நுண்ணுயிர்களும் சேர்ந்த மெல்லிய படலமொன்று படர்ந்திருக்கின்றது. அதுவே இவற்றின் அன்றாட உணவு. நாம் இடுவது துணையுணவு மாத்திரமே. யப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) 1980களில் வேறோர் இறாலினத்தைத் தம் நீர்த்தாவரத் தொட்டிகளில் விட்டதும் பாசியைத் தின்று தீர்க்கும் என்பதற்காகவே. அவ்வினம் இன்று அவர் பெயராலேயே அமானோ இறால் எனப்படுகின்றது. தம் உணவைத் தாமே தேடிக்கொள்ளும் உயிர்கள் இவை.

இதனை ஏற்றுக்கொள்வது 78 வயதான எம் மாமியாருக்கு எளிதாயிருக்கவில்லை. "பாவங்கள் தம்பி, வெறுங் கல்லைக் கிள்ளிக்கொண்டு திரியுதுகள். ரெண்டு சோத்துப் பருக்கை போட்டால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டார்.

"வேண்டாம் அம்மம்மா, தண்ணி பழுதாப் போயிடும்" என்றான் பேரன்.

அவர் மறுமொழி கூறாது அடுக்களைக்குட் சென்றுவிட்டார். ஐந்து பிள்ளைகளை ஊட்டி வளர்த்த கை அது. இன்று பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர்; சமையலும் மகளின் பொறுப்பாகிவிட்டது. பிறர்க்கு ஊட்டும் உரிமை ஒன்றே அவர்க்கு எஞ்சியிருந்தது. அதனையும் ஒரு கண்ணாடித் தொட்டி மறுத்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? பேரன் கூறியது முற்றிலும் சரியே; ஆயினும் எம் நெஞ்சு அம்மம்மாவின் பக்கமே சாய்ந்தது.

பேரன் கூறியதன் காரணத்தையும் விளக்குதல் வேண்டும். உண்ணாது எஞ்சிய உணவு நீரில் அழுகும்போது அமோனியா தோன்றுகின்றது. தொட்டியில் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலிரண்டும் மிகச் சிறிய அளவிலேயே இறாலுக்கு நஞ்சு. உணவு மிகுந்தால் இம்மாற்றம் ஈடுகொடுக்க இயலாது பின்தங்கும். அழுகல் நீரிலுள்ள ஒட்சிசனையும் குடித்துவிடும். புதுத் தொட்டியில் இப்பற்றீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை இறாலை விடலாகாது. கொழும்பிலுள்ள எம் உறவினர் ஒருவர் திருவிழாவுக்காக ஐந்து நாள் ஊருக்குப் புறப்படுகையில், பட்டினி கிடக்குமே என்றிரங்கி ஒரு பிடி உணவைத் தொட்டியிற் கொட்டிச் சென்றார். திரும்பியபோது நீர் பால்போற் கலங்கியிருந்தது. ஓர் இறாலேனும் உயிருடன் இல்லை. நன்கு நிலைபெற்ற தொட்டியில் ஒரு வாரம் ஒன்றும் இடாதிருந்தாலும் இவை பிழைத்திருக்கும். அவரது இரக்கமே அவற்றைக் கொன்றது.

அப்படியாயின் எதனை, எவ்வளவு இடுவது? வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, 20 இறாலுக்கு நகமளவு துண்டு போதும். கொதிநீரில் வாட்டிய பசளிக்கீரை, பூசணி, கரட் ஆகியவை ஏற்றவை. சில மணி நேரத்தில் உண்டு தீராததை எடுத்துவிடல் வேண்டும். உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலையை மாத்திரம் நாட்கணக்கில் விட்டுவைக்கலாம். அது மெல்ல மெல்ல இற்று, மேலே படலத்தை வளர்க்கும். இறால் கழற்றிய ஓட்டையும் அகற்றலாகாது. அதிலுள்ள கல்சியத்தை அவை மீண்டும் உண்டு பெறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்னீராதலின் புதிய ஓட்டுக்கு வேண்டிய கல்சியம் அதிலும் உண்டு. குழாய்நீரெனின் அதிலுள்ள குளோரீனை நீக்கிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பூச்சிக்கும் இறாலுக்கும் உறவு நெருக்கமானது. பூச்சிநாசினி தெளித்த கீரையின் ஒரு துண்டே தொட்டி முழுவதையும் அழித்துவிடக்கூடும். சந்தைக் கீரையை நம்புவதெங்ஙனம் என்று மகன் தயங்கி நின்றபோது, எம் மனைவி கொல்லைப்புற முருங்கையைச் சுட்டிக்காட்டினாள். மாமியார் நட்ட மரம் அது, மருந்து கண்டறியாதது. முருங்கையிலை இறாலுக்கு நல்லுணவென்பதை வளர்ப்போர் பலரும் அறிவர்.

அன்று தொட்டு இலை கொய்வதும், வாட்டுவதும், எண்ணி இடுவதும் அம்மம்மாவின் பணியாயின. முறைநாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது பேரனின் பணி. முதல் நாள் நான்கு சிற்றிலைகள் நீரில் வீழ்ந்தன. மணமறிந்து முதலில் வந்த இறால் ஓரிலையைப் பற்றிக்கொண்டு ஓட, மற்றவை துரத்தின. மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அச்சிரிப்பைக் கேட்டு நெடுநாளாயிற்று.

சென்ற மாதம் தாய் இறாலொன்று வயிற்றின்கீழ் முட்டைகளைச் சுமந்தது. ஏறக்குறைய நான்கு வாரத்தில், தாயின் வடிவையே கொண்ட கடுகளவு குஞ்சுகள் வெளிவந்தன. "குஞ்சுகளுக்கு என்ன குடுக்கிறது தம்பி?" என்று அவர் கேட்டார். "ஒண்டும் வேண்டாம் அம்மம்மா, பஞ்சு வடிகட்டியிலை இருக்கிற படலமே அதுகளுக்குச் சாப்பாடு" என்றான் பேரன். இம்முறை அவர் அடுக்களைக்குட் செல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டியருகே அமர்ந்து, குஞ்சுகளை எண்ணத் தொடங்கினார்.