பெட்டியில் கொம்பு வேண்டாம், தம்பி

ஹாலிஎல
2025 பெப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சித்திரைக்கு வரும்போது நீ குடியிருக்கிற வீட்டுக்காரரின் ஆப்பிள் மரத்தில் நாலு கொம்பு வெட்டி, ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு வருகிறேன் என்றாயே, அது வேண்டாம்.

அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடி கொடி எதையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கட்டுநாயக்காவில் பிடித்தால் கொம்பு போய்விடும். பிடிக்காமல் விட்டுவிட்டால்தான் எனக்குப் பயம். தீக்கருகல் என்று ஒரு பக்டீரியா நோய். நெருப்பில் வாட்டின மாதிரி கிளை கருத்து, நுனி கொக்கிபோல் வளைந்து தொங்கும். ஐரோப்பாவிலேயே அது முதலில் தலைகாட்டியது நீ இருக்கிற இங்கிலாந்தின் கென்டில்தான், 1957இல், அதுவும் பேர்ஸ் மரத்தில். வெட்டின கொம்புக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெலிமட, பண்டாரவளைப் பக்கம் எத்தனை வீட்டு முற்றத்தில் பேர்ஸ் நிற்கிறது என்று உனக்கே தெரியும். நம்ம ஆசைக்கு அந்த மரங்களைப் பணயம் வைக்க முடியுமா?

சரி, கொட்டையாவது கொண்டுவரவா என்று கேட்பாய். பழைய லயத்து இஸ்தோப்பில் மில்க்மெயிட் டின்னில் நீ ஆப்பிள் கொட்டை போட்டது ஞாபகம் இருக்கா? ஐந்தில் ஒன்று முளைத்தது. கப்பலில், கடையில் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்து வந்த பழம், அதனால் கொட்டைக்கு வேண்டிய குளிர் ஏற்கெனவே கிடைத்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. முழங்கால் உயரம் வந்தபோது அம்மாவின் ஆடு மேய்ந்துவிட்டது. நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், ஆடு விட்டிருந்தாலும் நீ தின்ற அந்தப் பழம் அதில் காய்த்திருக்காது.

நான் பதினேழு வருசம் தேயிலை நாற்று வளர்க்கிற தவறணையில் வேலை செய்தவள். (யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டாரே! அவர்கள் ஊரில் தவறணை என்றால் கள்ளுக்கடையாம்.) வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. கொம்பு வெட்டி நட்ட வீ.பி. மலைக்குப் போனால் ஒரே பச்சை, ஒரே மட்டம். டி.ஆர்.ஐ. 2025 ஜாதித் தேயிலை என்றால் ஒரு தாய்ச்செடியிலிருந்து ஓர் இலை, ஒரு கணுவாக வெட்டி வெட்டி வளர்த்தது. ஆப்பிளும் அப்படித்தான். கொட்டையில் வருவது புதுப் பிள்ளை, புளிப்போ கசப்போ யார் கண்டது? நீ போய்ப் பார்த்த சவுத்வெல் ஊர் பிராம்லி ஆப்பிள் மரம் 1809இல் ஒரு சிறுமி போட்ட கொட்டையில் வந்ததாம். அது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு வந்த பிராம்லி எல்லாம் அந்த ஒரு மரத்தின் கொம்பை ஒட்டி ஒட்டி வந்தவைதான்.

ஆனால் தேயிலைக் கொம்பு மண்ணில் வேர் விடும், ஆப்பிள் கொம்பு லேசில் விடாது. அடியில் வேறொரு வேர் வேண்டும். மரம் எவ்வளவு உயரம் போகும் என்பதும் அந்த வேரின் கையில். நமக்குக் கிடைத்த காணி 7 பேர்ச்சஸ், 1,906 சதுர அடி, அதில் பாதியை வீடும் தண்ணீர்த் தாங்கியும் பிடித்துக்கொண்டன. உன் பக்கத்து ஈஸ்ட் மோலிங் நிலையத்தில் பிரித்தெடுத்த எம்.9 அடிக்கட்டை மாதிரி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துகிற குள்ள வேர் இருந்தால் நல்லது. இல்லாதபடியால் கவ்வாத்து வெட்டித்தான் அடக்க வேண்டும், அது நமக்குத் தெரிந்த வேலை.

குளிர்தான் வில்லங்கம். நீங்கள் தின்கிற பல ஜாதிக்கு 7 பாகைக்குக் கீழே 800, 1,000 மணித்தியாலம் வேண்டும். 200, 300 போதும் என்கிற 'அன்னா', 'டோர்செட் கோல்டன்' கூட ஹாலிஎலயில் தடுமாறும். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. ஜாவாவில் மலாங் பக்கத்து பாத்து மலையில் அறுவடை முடிந்ததும் ஆள் வைத்து இலையெல்லாம் உருவிவிடுகிறார்களாம். மரம் குளிர்காலம் வந்து போய்விட்டது என்று நம்பித் துளிரும், பூக்கும். வருசத்துக்கு இரண்டு அறுவடை.

நம்ம வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆப்பிள் நிற்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தது. சந்தையில் "ஒட்டுக்கன்று" என்று 2020இல் வாங்கினேன். அடியில் ஒட்டு முடிச்சு இருக்கா என்று குனிந்து பார்க்கவில்லை, தவறணைக்காரி நான்! வழவழவென்று நேராகப் போகிறது, வெறும் கொட்டைக்கன்று. ஐந்து வருசம், ஒரு பூ இல்லை. உன் அத்தான் அதில் துணி காயப்போடுகிறார்.

வேர் நன்றாக இருக்கிறதே, அதை ஏன் விட வேண்டும்? வெலிமடையில் அந்த யாழ்ப்பாணத்து டீச்சர் வீட்டு ஆப்பிள் மரம் சின்னச் சின்னதாகக் காய்க்கிறது, கொம்பு தருகிறேன் என்றிருக்கிறார். பேர்ஸ் மரத்தில் ஒட்டலாமே என்றார் அத்தான். ஒரே குடும்பந்தான், ஆனாலும் நிலைக்காது. பட்டர் பழத்தில் கை பழகிவிட்டேன், பத்து ஒட்டினதில் ஆறு பிடித்தது. பென்சில் மொத்தக் கிளையைப் பிளந்து, கொம்பை ஆப்புபோல் சீவிச் செருக வேண்டும். தோலுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள பச்சைப் படை ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று முட்ட வேண்டும். மற்றதெல்லாம் கட்டுகிற பொலித்தீன் பார்த்துக்கொள்ளும். பிடிக்காத நாலும் பிளேட் நழுவித்தான் போயின.

ஆகவே, கொம்புக்குப் பதிலாக நல்ல ஒட்டுக்கத்தி ஒன்று வாங்கி வா, கைப்பையில் வைக்காதே. ஏப்ரல் 6ஆம் திகதி நான் போய் டீச்சர் மரத்தில் வேண்டிய கொம்புகளின் இலையைக் கிள்ளிவிட்டு வருவேன், பத்து நாளில் மொட்டு உப்பும். 16ஆம் திகதி வெட்டி அன்றைக்கே ஒட்டுவோம். நீ பிடி, நான் கட்டுகிறேன்.

ஆட்டை இந்தத் தடவை கட்டித்தான் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
அக்கா