போண்டா எண்ணெயில் ஓடும் லாரி

பெருந்துறைப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தகரக் கூரைப் பட்டறை முழுக்கப் பழைய போண்டா வாசம். சுவரோரம் அடுக்கிய கேன்களில் உணவகங்களும் சிப்ஸ் கடைகளும் பொரித்துக் கழித்த எண்ணெய். அதைப் பயோடீசலாக மாற்றுவதுதான் இங்கே வேலை.

எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றினால் ஆகாதா? 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியிருக்கிறது. கேட்டதும் மேஸ்திரி சிரித்தார். "ஓடுமுங்க. எத்தன நாளைக்கு ஓடும்கறதுதான் பேச்சு." சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. நாசிலில் அது புகையாகச் சிதறாமல் துளித்துளியாக விழும். பாதி எரிந்த துளி கரியாகி நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் ஒட்டும்; மிச்சம் இன்ஜின் ஆயிலில் கலந்து அதையும் கெட்டியாக்கும். மெதுவாகச் சுற்றும் பழைய பம்புசெட் இன்ஜின், எண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தால் ஓரளவு தாங்கும். இன்றைய லாரி இன்ஜின் தாங்காது.

அதனால் இங்கே எண்ணெயை இளக்குகிறார்கள். துணியில் வடிகட்டிய எண்ணெயை நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது, அதில் ஒளிந்திருக்கும் தண்ணீர் சடசடவென்று வெடிக்கிறது. மேஸ்திரிக்குத் தெர்மாமீட்டரைவிடக் காதின் மேல்தான் நம்பிக்கை. "சத்தம் அடங்கோணுமுங்க. தண்ணி நின்னுபோச்சுன்னா அத்தனையும் சோப்பாயிரும்."

அடுத்தது மேசையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அக்காவின் முறை. ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஆல்கஹாலில் கரைத்து நிறங்காட்டி சேர்க்கிறார்; அதில் காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். இளஞ்சிவப்பு நிறம் வந்து நின்றதும் கை நிற்கிறது. "ஒரு கேனுக்கு ஒரு குணமுங்கண்ணா. அப்பளம் பொரிச்சது சாதுவா இருக்கும். நாலு நாள் சிக்கன் பொரிச்சதுல புளிப்பு ஏறிக் கெடக்கும்." அமிலம் கூடினால் உலையில் சேர்க்கும் காஸ்டிக் சோடாவும் கூட வேண்டும். அளவு தப்பினால் அன்றைய உலை முழுக்கச் சோப்பு.

அந்தக் காஸ்டிக்கை மெத்தனாலில் கரைத்துத்தான் எண்ணெயில் சேர்ப்பார்கள்; நூறு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இருபது லிட்டர் மெத்தனால். 2024-இல் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்த அதே மெத்தனால் என்பதால் இதற்குத் தனி அறை, பூட்டு, பதிவேடு. அறுபத்தைந்து டிகிரியில் அது கொதித்துவிடும் என்பதால் மூடிய கலனில், அதற்குச் சற்றுக் கீழான சூட்டில் கலக்குகிறார்கள். இரவு முழுக்கத் தெளியவிட்டால் அடியில் கறுப்பாகக் கிளிசரின் தங்கும். மேலே தேன் நிறத்தில் பயோடீசல். கிளிசரினை இறக்கிவிட்டு மேலே நிற்பதைத் தண்ணீரில் அலசி உலர்த்துகிறார்கள். கடைசிச் சோதனை ஒரு பாட்டிலில்: தண்ணீர் சேர்த்துக் குலுக்கினால் இரண்டும் சட்டென்று பிரிய வேண்டும். பால்போல் வெளுத்து நின்றால் மறுபடி அலசல்.

வண்டிக்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பயோடீசல் டேங்கில் படிந்த பழைய கசடைக் கரைத்துக் கொண்டுவரும். முதல் சில வாரம் ஃபில்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் ஊதிப்போகும், மாற்றிவிட வேண்டும்.

இத்தனை கைப்பக்குவமும் கேன் வந்து சேர்ந்தால்தான். உணவு எண்ணெயில், அது கெடும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதே ஆண்டில், கழித்த எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பிவிடும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. ஆனாலும் அதே எண்ணெயை வாங்கி மறுபடி பலகாரச் சட்டிக்கே விற்கிறவர்கள் உண்டு. மினி வேனில் கேன் சேகரிக்கும் தம்பி அவர்களோடுதான் தினம் மல்லுக்கட்டுகிறார். "லிட்டருக்கு ஒரு ரூவா அவங்க சேத்துக் குடுத்தா, கேன் அங்க போயிருமுங்க."

அந்த ஒரு ரூபாயில் பட்டறை தோற்கிற நாளில் எண்ணெய் இன்ஜினுக்குப் போகாது. யாரோ ஒருவர் வயிற்றுக்குப் போகும்.