முரசில் எஞ்சிய மொழி

சித்தி என்றவுடன் நமக்கு அன்னையின் தங்கை நினைவுக்கு வருவார். நாம் ஈண்டுக் கூறப்புகும் சித்தியர் வேறு. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காடுகளை அடுத்து வாழும் மக்கள் அவர்கள். அவர்தம் முன்னோரைக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொணர்ந்தனர். தப்பி ஓடியவர்க்குக் காடு புகலிடமாயிற்று. 2003-இல் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர். இன்று வீட்டில் பேசுவது பெரும்பாலும் கொங்கணி, வெளியில் கன்னடம். முன்னோர் மொழி மறைந்தது.

குஜராத்துச் சித்தியர் தம் ஆட்டத்தைக் 'கோமா' என்பர். சுவாகிலி மொழியில் 'ங்கோமா' என்பது முரசையும் ஆட்டத்தையும் குறிக்கும் சொல். பேச்சு போய்விட்டது, முரசின் பெயர் நிற்கிறது. பாடல்களிலும் அம்மொழிச் சொற்கள் சில உள. பொருளறிந்து பாடுவோர் அரியர்.

மறதியாலா மடிந்தது? அன்று. விலைப்பட்டோர் பல குலத்தார், பல மொழியினர். ஒரே மனையில் ஏவல் செய்த இருவர்க்கு ஒருமொழி வாய்த்தலே அரிது. தாய் தன் மொழியில் தாலாட்டியிருப்பாள். பிள்ளைக்குச் சோறிட்டது எசமானன் மொழி. பேரனுக்கு அதுவே தாய்மொழி ஆயிற்று.

நாம் மைய அரசு அலுவலகத்தில் படிவங்களோடு காலங்கழிப்பவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி எனப்படுவது, குழவிப் பருவத்தில் தாய் பேசிய மொழி. 1971-க்குப் பின், நாடு முழுதும் 10,000 பேர்க்குக் குறைந்தோர் பேசும் மொழி அப்பட்டியலில் தனிப்பெயர் பெறுவதில்லை. 'பிற' என்னும் வரியில் அடங்கிவிடும். 2011-இல் தமிழுக்கு ஏறத்தாழ 6.9 கோடி பேர். நமக்கென்ன குறை என்பார் உளர். எம்மொழியில் எழுதப் படிக்கத் தெரியும் என்று படிவம் கேட்பதில்லை!

1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் வழித்தோன்றல்கள் பலர் வீட்டில் ஆங்கிலமே பேசுகின்றனர். தேவாரத்தை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுவாரும் உண்டு. அவர்க்குக் கடல் இடையிட்டது. நம் ஜோகுபாளையத்துக்கு ஓசூர் 40 கிலோமீட்டர்தான். 1809-இல் தண்டு அமைந்த காலந்தொட்டு அல்சூர்ப் பகுதியில் தமிழ் ஒலித்து வருகிறது. ஆயினும் நம் தெருப் பிள்ளைகள் மார்கழியில் திருப்பாவையைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகின்றனர். குரல் இனிது, இராகமும் வழுவாது. ழகரம் மட்டும் ளகரமாகிறது. ழகரத்துக்குப் பழங்கன்னடத்தில் எழுத்து இருந்தது. இன்றைய கன்னடத்தில் வழக்கில் இல்லை.