ஐப்பசி ஈரமும் பழைய ட்ரையரும்

ஆவணி, கடைசி வாரம்

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை ஒட்டிய நாலு ஏக்கரில் மக்காச்சோளம் பூவெடுத்து நிற்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்தது. 105 முதல் 110 நாளில் முற்றும் பயிர் என்பதால் அறுவடை ஐப்பசிக் கடைசியில் விழும். வடகிழக்குப் பருவமழை ஊன்றிப் பெய்யும் நேரம் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று அப்போது இருக்காது. களத்தில் கொட்டினால் வெயிலும் நம்பிக்கையில்லை.

செடியிலேயே விட்டுக் காயவைக்கலாமே என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். வெள்ளிங்கிரி அடிவாரத்தில் அது நடக்காது. கருது பால் பிடித்த நாளிலிருந்து காட்டுப்பன்றி இறங்குகிறது. யானை ஒரு ராத்திரி நுழைந்தால் தின்றது பாதி, மிதித்தது பாதி. ஆகவே முற்றியதும் ஒடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் மணியில் 22, 24 சதவீதம் ஈரம் இருக்கும். வியாபாரி கேட்பதோ 14. இந்த இடைவெளிக்காகத்தான் தோட்டத்துக்காரர் பழைய ட்ரையர் ஒன்றைத் தேடத் தொடங்கியிருக்கிறார்.

புரட்டாசி, இரண்டாம் சனி

மக்காச்சோளத்துக்குப் பேர்போன பெரம்பலூர்ப் பக்கம் ஒன்று விலைக்கு இருப்பதாகத் தரகர் சொல்ல, மைத்துனரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒரு தடவைக்கு மூன்று டன் பிடிக்கும். இரண்டு சக்கரம், டிராக்டரில் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். விசிறியும் நடுவிலுள்ள திருகுத்தண்டும் டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டான பி.டி.ஓ.விலேயே ஓடுகின்றன. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் பாசனத்துக்கானது என்பதால், கரண்டை நம்பாத இயந்திரம் அவருக்குத் தோதாகப் பட்டது.

வேலை செய்யும் முறை எளிது. திருகு அடியிலிருக்கும் மணியை மேலே ஏற்றுகிறது. மணி, துளையிட்ட இரண்டு தகட்டுச் சுவர்களுக்கு நடுவே மெல்லச் சரிந்து இறங்குகிறது. உள்ளறையின் வெப்பக்காற்று அந்த மணிச்சுவரை ஊடுருவி, ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. ஈரம் குறையும்வரை அதே மணி சுற்றிச் சுற்றி வரும். இதற்குத் தேவை வந்ததே அறுவடை இயந்திரத்தால்தான். அமெரிக்காவில் கதிரைக் கூண்டில் அடுக்கிக் காயவைத்த காலம் ஒன்றிருந்தது. 1950களிலிருந்து வயலிலேயே மணியைப் பிரிக்கும் கம்பைன் பரவப் பரவ ஈரமணி குவிந்தது, ட்ரையர்கள் பெருகின. கொங்கு நாட்டிலும் இப்போது வாடகைக் கம்பைன் வந்து ஒரே பகலில் காட்டைக் காலி செய்துவிடுகிறது. களத்தில் கதிராய்க் கிடந்து காற்றாடும் அவகாசம் போய்விட்டது.

பழசு வாங்குகிறவர் பெயின்டைப் பார்க்கக் கூடாது. டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டார். அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். ஒரு மூலையில் துரு பொத்துக்கொண்டது. திருகின் விளிம்பு தேய்ந்து கத்தி மாதிரி இருந்தது. கடைசியாக அடுப்பில் ஈரவைக்கோலைப் போட்டுப் புகைத்தார். புகை போக்கி வழியே மட்டும்தான் போக வேண்டும். மணி இருக்கும் பக்கம் கசிந்தால் வெப்பக்குழாய் ஓட்டை, சோளத்தில் புகைநாற்றம் ஏறும். கசியவில்லை. விலையை அங்கேதான் பேசினார்.

ஐப்பசி, தீபாவளிக்கு முன்

கோவை கணபதியில் ஒரு பட்டறை. அடித்தகடு மாற்றியாயிற்று, பேரிங்குகள் புதிது. அவர் கேட்டதில் முக்கியமானது இரண்டு: வெப்பம் எல்லை மீறினால் அடுப்புக் காற்றை நிறுத்தும் தானியங்கி விசை, பி.டி.ஓ. தண்டுக்கு மூடி. சுற்றும் தண்டு வேட்டி நுனியைப் பிடித்தால் ஆளை விடாது. "மூடி எதுக்குங்ணா, வேலைக்கு இடைஞ்சல்" என்றார் பட்டறைப் பையன். "போட்டுருங்க கண்ணு" என்று முடித்துவிட்டார்.

ஐப்பசி, கடைசி வாரம்

அறுத்த அன்றே முதல் ஈடு. சல்லடையில் சலித்துத்தான் ஏற்றினார்கள். சருகும் உமித்தூளும் உள்ளே போனால் காற்று அடைபடும்; தீப்பிடிப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளம் 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். மாவுக்கானால் 60, விதைக்கானால் 43 டிகிரிதான். அவர் 65ஐத் தாண்டவிடவில்லை. அவசரச் சூட்டில் மணி வெடித்துக் குருணையாகும்.

விறகு யோசனையிலும் மாற்றம். முதலில் நினைத்த தேங்காய்த் தொட்டிக்குக் கரி ஆலைகளில் கிராக்கி; எரிப்பதைவிட விற்பதே லாபம். மணி பிரித்த சக்கை தோட்டத்திலேயே மலையாய்க் கிடக்கிறது. அதுவே அடுப்புக்குப் போயிற்று.

ஈரம் அளக்கும் மீட்டர் 14 காட்டியதும் மைத்துனர் நிறுத்தச் சொன்னார். அவர் நிறுத்தவில்லை. சூடான மணியில் மேற்புறம் காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் பதுங்கியிருக்கும். ஆறிய பிறகு எண் ஏறும். அடுப்பை அணைத்து, வெறும் காற்றில் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி அளந்தார்கள்.

கார்த்திகை, முதல் வாரம்

கணக்கு. 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னை 14க்குக் கொண்டுவந்தால் 93 கிலோ நீர் போய் 907 கிலோ மிஞ்சும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும். வீணாவதையும் சேர்த்தால் இரட்டிப்பு. 2025-26க்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலையில் காய்ந்த சோளம் போகுமானால், ஈரச்சோளத்துக்கு 2,177 ரூபாய் கிடைத்தாலே வரவு சமம். அதற்கு மேல் தரும் வியாபாரி கிடைத்தால் ட்ரையரை ஓட்ட வேண்டியதில்லை. ஈரத்தைக் காட்டி அதற்கும் வெகுவாகக் கீழே இறக்கும்போதுதான் டீசலும் ஆள்கூலியும் ஈடாகும். இந்தக் கணக்கைப் போடாமல் இயந்திரம் வாங்குவது சரியல்ல.

ஆனால் விலையோடு விஷயம் நிற்பதில்லை. ஈரத்தோடு குவித்த சோளத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் சுரக்கிறது. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் ஈரல் கெட்டு இறந்தார்கள். நம் பல்லடத்துக் கறிக்கோழிக்கும் நாமக்கல் முட்டைக்கோழிக்கும் போவது இதே தானியம். ட்ரையரின் சூடு இந்த நஞ்சை அழிக்காது. பூசணம் பிடிக்குமுன் ஈரத்தை எடுப்பதற்கு மட்டுமே அது உதவும். அதனால்தான் ஈரச்சோளத்தை ராத்தங்க விடாமல் அறுத்த அன்றே ஏற்றுகிறார்.

கார்த்திகை, தீபம் கழிந்து

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சோள விதையோடு வந்திருக்கிறார்; மக்காச்சோளமல்ல, வெறும் சோளம். விதை என்பதால் 43 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, நேரம் அதிகமாகும், வாடகையும் அதற்கேற்ப என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்பாக உள்ளே தங்கிய மக்காச்சோள மணியை ஒன்றுவிடாமல் கூட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விதையில் கலப்பு, மூலையில் வண்டு. அடித்தட்டைக் கழற்றிப் போட்டு, மைத்துனர் விளக்குமாறோடு உள்ளே இறங்கியிருக்கிறார்.