நைல் நதிக்கரை உஸ்தாத்

பிள்ளைகளை இன்பச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதென்றால் நம்மவர் வீடுகளில் இன்றும் ஒரு தயக்கம் எழத்தான் செய்கிறது. அதுவும் ராட்டினமும் சறுக்குமரமும் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்கு, மதரஸாவில் ஓதிய ஆசிரியர் ஒருவரே முன்னின்று அழைத்துச் செல்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். "ஓதிக் கொடுப்பதை விட்டுவிட்டு ஹஜரத்துக்கு இது என்ன வேலை?" என்று கேட்பவர் கேட்கவே செய்வர். அத்தகையோருக்கு நாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே சாட்சிக்கு அழைப்பது வழக்கம். ஓதி முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், ஓயாமல் பாடத்தையே சுமத்தினால் அதன் உள்ளம் மரத்து, அறிவு மழுங்கி, பாடத்திலிருந்து தப்புவதற்குத் தந்திரம் தேடத் தொடங்கும் என்றும் அன்னார் தமது ‘இஹ்யா’வில் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே கூறிச் சென்றிருக்கிறார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்காததோடு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் பார்க்கச் செய்த வரலாறு புகாரி கிரந்தத்தில் உள்ளது. இவ்வளவு போதாதென்பவருக்கு நம்மிடம் வேறு விடையில்லை.

நாம் சொல்ல வந்தது 2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நிகழ்ந்த ஒரு பயணத்தைப் பற்றி. அந்நாளில் நாம் படாளத்தை அடுத்த ஒரு பள்ளியில் அரபியும் தமிழும் போதித்து வந்தோம். சென்னைப் புறநகர்க் கல்லூரி ஒன்றில் மேற்படிப்புக்காகச் சூடான் நாட்டிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், சனிக்கிழமைதோறும் நம் பள்ளிக்கு வந்து, ஊதியம் எதுவும் பெறாமல் பேச்சு அரபி கற்பித்துக் கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு அவர் ‘உஸ்தாத்’. அவர் நாவில் ஆளைக் குறிக்கும் சொல் ‘ஸோல்’. ஒரு மாதத்திற்குள் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் "யா ஸோல்" என்று அழைக்கலாயினர். நமது அரபியோ கிதாபு அரபி. நஹ்வும் ஸர்ஃபும் பிசகாமல் நாம் பேசுவதைக் கேட்டு அவர், "ஷைக் அவர்கள் வெங்காயம் வாங்கினாலும் குத்பா ஓதுவது போலவே இருக்கிறது" என்று சிரிப்பார். உண்மைதான்!

நாற்பது மாணவருடன் பேருந்து புறப்பட்டு, வேடந்தாங்கலுக்குத் திரும்பும் சாலையைப் பின்னால் விட்டு வடக்கே சென்று, மாமண்டூரை ஒட்டிய பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். "இது என்ன பாலைவனம்?" என்றார் உஸ்தாத். ஆறு என்றோம். பெயரின் பொருளைக் கேட்டார். ‘நஹ்ருல் லபன்’, பால் ஓடும் ஆறு என்றோம். "சுவனத்து ஆறல்லவா!" என்று வியந்தவர், மறுபடியும் மணலைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக ஒன்றும் பேசாதிருந்தார். நீல நைலும் வெள்ளை நைலும் கூடுகின்ற கார்த்தூம் நகரத்தவர் அவர். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, கல்பாக்கத்தை அடுத்த வயலூரருகே கடலில் சேரும் இவ்வாறு, மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கடியில் நீரை மறைத்து வைத்திருக்கிறதென்று நாம் விளக்கியதை நம்பினாரோ என்னவோ!

பேருந்தில் பிள்ளைகள் தமிழில் பேசிக்கொண்டு வந்ததை அவர் உன்னிப்பாய்க் கேட்டார். ‘பாக்கி’, ‘வசூல்’, ‘வக்கீல்’, ‘ஜில்லா’ என்ற சொற்கள் காதில் விழுந்தபோதெல்லாம், தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவர் போல் விரல் மடித்து எண்ணினார். அப்போது நாம் பையிலிருந்து பழைய அரபுத்தமிழ் நூலொன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். உயிர்க்குறிகள் யாவும் இடப்பட்ட கல்லச்சுப் பிரதி அது. உஸ்தாத் தடையின்றி வாசிக்கத் தொடங்கினார். அரபியில் இல்லாத ப, ட, ள போன்ற ஒலிகளுக்காக நம் முன்னோர் புள்ளி கூட்டி அமைத்த எழுத்துகளில் மட்டும் இடறினார். வாசிப்பவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கேட்ட நாற்பது பிள்ளைகளுக்கும் எல்லாம் விளங்கிற்று. உளுவின் ஃபர்ளுகளை அவர் வாயால் தமிழில் கேட்ட பிள்ளைகளின் ஆரவாரம் ஓட்டுநரையே திரும்பிப் பார்க்க வைத்தது. "நான் என்ன சொன்னேன்?" என்று அவர் நம்மைக் கேட்டார். நாம் முப்பதாண்டு போதனையில் அடைந்த மகிழ்ச்சிகளுள் அதற்கு ஈடானவை சிலவே.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தைத் தொட்டுக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. நியூயார்க்கில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியா வந்து, கொடைக்கானலில் படித்த ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது. பாம்புத் தோல் வாணிபம் சட்டப்படி நின்று போனபின் பிழைப்பிழந்த இருளர் மக்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்புக்கடி மருந்துக்காக நஞ்செடுத்துக் கொடுக்கும் தொழிலை இங்குதான் மேற்கொண்டனர். பிள்ளைகள் ‘திம்ஸாஹ்’ என்ற சொல்லை அன்று கற்றுக்கொண்டதுபோல் வகுப்பறையில் கற்றிருக்க மாட்டார்கள். உஸ்தாதோ, நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்த முதலைகளைக் கண்டு நாலடி தள்ளியே நின்றார். நதிக்கரைக்காரருக்கு முதலை வேடிக்கைப் பொருளன்று.

ளுஹர் வேளையில் வழியில் ஒரு பள்ளிவாசலில் தொழுதோம். உஸ்தாத் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டே தொழுதார். ஸலாம் கொடுத்த மறுகணமே ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜரத், இந்தத் தம்பியைத் திரும்பத் தொழச் சொல்லுங்கள். கை கட்டாத தொழுகை செல்லாது" என்றார். பிள்ளைகள் யாவரும் நம் முகத்தையே பார்த்தனர். ஷாபிஈயாக்கள் நெஞ்சுக்குக் கீழும் ஹனஃபியாக்கள் தொப்புளுக்குக் கீழும் கட்டுவதை அறிந்த நம் ஊர்களுக்கு மாலிகீ மத்ஹபு பழக்கமில்லை. ஹிஜ்ரி 179இல் மதீனாவில் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைப் பின்பற்றும் சூடானிலும், மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் கோடிக்கணக்கானோர் இவ்வாறே தொழுகின்றனர். ‘முதவ்வனா’வில் இதற்கு ஆதாரம் உண்டு. அன்னாரின் ‘முவத்தா’விலோ கை கட்டுவதைப் பற்றிய ஹதீஸும் உண்டு, அதனால் மாலிகீ அறிஞர்களிடையிலேயே இருவகைக் கருத்து நிலவுகிறது. கை கட்டுவது நம் இரு மத்ஹபுகளிலும் சுன்னத்தேயன்றி ஃபர்ளு அன்று. ஆகவே தொழுகை செல்லாதென்று எவரும் சொல்வதற்கில்லை. இவற்றையெல்லாம் அங்கேயே நின்று சொன்னோம்.

"பெரியவர் என்ன கூறுகிறார்?" என்று உஸ்தாத் கேட்டார். மொழிபெயர்ப்பவனுக்கு இத்தகைய நேரத்தில் சுருக்கிச் சொல்லும் ஆசை வரும். நாம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். அவர் புன்னகைத்து, பெரியவரின் தலையில் முத்தமிட்டு, "கை கட்டித் தொழுதால் என் பாட்டியும் இப்படித்தான் என்னைக் கண்டிப்பாள்" என்றார். பெரியவர் சமாதானமடைந்தாரா என்று சொல்வதற்கில்லை. எல்லோருக்கும் இளநீர் மட்டும் வெட்டச் செய்தார்.

ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. பூங்காவைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அங்கே போகாதவர் நம்மில் குறைவு. ராட்டினத்தின் உச்சியில் உஸ்தாத் கண்களை இறுக மூடி ஓதத் தொடங்கியதும், பிள்ளைகள் கீழிருந்து ஆமீன் சொன்னதும் நினைவில் உள்ளன. இன்னொன்றும் உண்டு. அங்கே காவலர் உடையில் அசையாது நின்ற ‘சிலை மனிதரை’ச் சிரிக்க வைப்பதற்காக, நம் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே முகத்தைக் கோணியும் குரங்குபோல் துள்ளியும் பார்த்தனர். உஸ்தாத் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு அம்மனிதரின் முன் சென்று, தாழ்ந்த குரலில் ஸலாம் கூறி ஒதுங்கினார். "இவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காக நிற்கிறார். வேலை செய்யும் மனிதரின் முகத்துக்கு நேரே கூத்தாடலாமா?" என்று நம் வழியாகப் பிள்ளைகளைக் கேட்டார். வேடிக்கை காட்டுவதே அவர் தொழில், சிரிக்க வைக்க முயல்வதில் குற்றமில்லை என்பது நமது கருத்து. அதை அவரிடமும் சொன்னோம். அவர் ஏற்கவில்லை. பிள்ளைகளோ அவர் பக்கம் சாய்ந்தனர்.

அடுத்த வாரம் ஒரு வாப்பா பள்ளிக்கு வந்து, தம் மகன் மூன்று நாளாகக் கை கட்டாமல் தொழுகிறான் என்று முறையிட்டார். அவர் மனத்தாங்கல் நியாயமானதே. அந்தச் சனிக்கிழமை உஸ்தாதே பிள்ளைகளிடம் பேசினார். "உங்கள் வாப்பா தொழுவதுபோல் நீங்கள் தொழுங்கள், என் வாப்பா தொழுவதுபோல் நான் தொழுகிறேன். என்னைப் பார்த்து மாற்றிக்கொண்டால் என் வாப்பாவே கோபித்துக்கொள்வார்" என்றார். அதன்பின் முறையீடு வரவில்லை.

2019இல் படிப்பை முடித்து ஊர் திரும்பினார். அந்த அரபுத்தமிழ் நூலை அவருக்கே கொடுத்தனுப்பினோம். 2023 ஏப்ரல் 15 அன்று, ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் இடையே கார்த்தூமில் போர் மூண்டது. அந்நாட்டில் வீடிழந்து அலைந்தோர் தொகை ஒரு கோடியைக் கடந்தது. அவ்வாண்டு ஜூலையில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. குடும்பத்துடன் வத் மதனி நகருக்கு வந்துவிட்டதாகவும், அங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்களாகத் தங்கியிருப்பதாகவும் கூறியிருந்தார். ராட்டினத்தில் அன்று தம் அருகே அமர்ந்த பையன் இப்போது என்ன படிக்கிறான் என்றும் கேட்டிருந்தார். டிசம்பரில் வத் மதனியும் துணைப்படையின் கையில் வீழ்ந்தது.

அதன்பின் செய்தி இல்லை. 2025 ஜனவரியில் ராணுவம் அந்நகரை மீட்டதென்று கேட்ட அன்றே, பையன் செங்கல்பட்டில் கல்லூரி சேர்ந்த விவரத்தை அவருக்கு எழுதினோம். நம் செய்தியின் கீழே இன்னமும் ஒற்றைக் குறியே நிற்கிறது. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு ஸலாம் அனுப்பி வருகிறோம்.