கூழுக்கு ஒரு டிக்கெட்!

லீவு நாள்ல மால், தியேட்டர்னு சுத்தி போரடிச்சிடுச்சா? சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிங்க. பாதிக் கூட்டம் சிப்காட் ஷிஃப்ட்டுக்குப் போற உங்க வயசுப் பசங்கதான். நீங்க பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் ஏறுங்க.

வழியில் கூழ் வண்டி கண்ணில் பட்டா விட்டுடாதீங்க. கேழ்வரகு மாவைக் கரைச்சு ராத்திரி முழுக்கப் புளிக்க வெச்சு, வெந்த நொய்யில் ஊத்திக் கிண்டி, மறுநாள் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைச்சது. தொட்டுக்க மோர் மிளகாய், கருவாடு. வெயில்ல உழைக்கிறவங்க கண்டுபிடிச்ச எனர்ஜி டிரிங்க் இது பாஸ்!

இதே மாதிரி கதை வேல்ஸ்லயும் இருக்கு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் காலை உணவு லேவர் பிரெட். பேர்ல மட்டும்தான் பிரெட். கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவெச்சு, ஓட்ஸ் சேர்த்து வறுத்தது. அந்தக் காலத்துல பென்க்ளாத் கிராமத்துப் பெண்கள் கழுதைகளோடு கடலோரச் சேற்றில் இறங்கி சிப்பி பொறுக்குவாங்களாம்.

பழவேற்காட்டுக்கு வாங்க. 1613-ல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டை கட்டின ஊர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. இங்கே இருளர் பெண்கள் பறியைப் பல்லால் கவ்விக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில் இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடிப்பாங்க. வலை கிடையாது, படகு கிடையாது. நீங்க ரசிச்சுச் சாப்பிடுற இறால் தொக்குக்குப் பின்னாடி இப்படியும் ஒரு உழைப்பு இருக்கு.

ஆனா, அந்த இறால் ஏரியில் பிறக்கிறதில்லை. கடலில் முட்டை பொரிச்சு, குஞ்சா முகத்துவாரம் வழியா உள்ளே வந்துதான் வளருது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைச்சுக்கிட்டா, குஞ்சும் வராது, கடல் தண்ணியும் வராது. அப்புறம் துழாவுற கைக்கு என்ன கிடைக்கும்? வெறும் சேறு!

லேவர் பிரெட் பேருக்கு 2017-ல் ஐரோப்பிய யூனியனின் பாதுகாப்பு கிடைச்சுது. ‘இது எங்க ஊர் சாப்பாடு’னு வேல்ஸ்காரங்க பெருமையா சொல்லிக்கிறாங்க. நமக்குப் பேரை மட்டும் காப்பாத்தினா போதாது, முகத்துவாரத்தையும் காப்பாத்தணும்.

அதனால, போனா கோட்டை முன்னாடி போட்டோ எடுக்கிறதோட நிறுத்தாதீங்க. மீன் விக்கிற அக்காகிட்ட, ‘இந்த வருஷம் முகத்துவாரம் திறந்திருக்கா?’னு கேளுங்க. அந்த வருஷ இறால் கணக்கு அந்தப் பதில்லயே இருக்கும். பேரம் பேசுறதை மட்டும் அன்னைக்கு விட்டுடுங்க, ப்ளீஸ்!