மாங்காய்ப் பூட்டு, ஆறு சீட்டு

கத்திரி வெயில்ல மதியம் 12 முதல் 3 வரை பிள்ளைகளை வெளியே விடாதீங்கன்னு ஓபியில சொல்லிட்டே இருக்கோம். சரி, வீட்டுக்குள்ள என்ன செய்வாங்க? செல்போன்தான்.

எங்க வீட்ல புதையல் வேட்டை. டப்பாவுக்கு நம்ம திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு (2019ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டுங்க!). பெரிய சாவி, யாரும் முழுங்க முடியாது. அதைத் தேட ஆறு துண்டுச் சீட்டு, ஒவ்வொண்ணுலயும் அப்பத்தாவோட ஒரு விடுகதை. விடை முறம்னா அடுத்த சீட்டு முறத்துக்கு அடியில. உள்ள சிறுமலைப் பழம். சின்னவனுக்கு மூணு வயசுகூட ஆகலை, கடலை மூச்சுக்குழாய்ல போயிடும், அதனால கடலை மிட்டாய் கிடையாது.

மாத்திரை டப்பாவுல எதையும் ஒளிக்காதீங்க. காசு, பட்டன் பேட்டரி போட்ட குட்டி லைட்டு வேண்டவே வேண்டாம். உணவுக்குழாய்ல சிக்கின பேட்டரி 2 மணி நேரத்துக்குள்ளேயே அரிக்க ஆரம்பிச்சிடும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம உடனே ஜிஹெச்சுக்குத் தூக்கிட்டு வாங்க, எக்ஸ்ரே பார்த்துடலாம்.